விதியைக் கூப்பிடுவது யார்?

திருகோணமலைக் கடற்கரையில் மீன் வாடி, அதாவது படகுகளிடம் மீன் வாங்கும் கொட்டகை, வைத்திருக்கும் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு மென்பொருள் ஒன்று செய்து கொடுத்தேன். படகு வந்ததும் மீனை நிறுத்து, விலை போட்டு, சம்மாட்டியின், அதாவது படகு உரிமையாளரின், கையில் துண்டு கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் துண்டுகளைக் கூட்டி, அவர் வாங்கிய முற்பணத்தைக் கழித்து, மீதியைக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடிந்தும்விட்டது. தொல்லை அதற்குப் பிறகுதான்.

ஐஸ் போடாமல் வந்த மீனுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய் கழிவு என்று முதலாளி முதலில் சொல்லியிருந்தார். பக்கத்து வாடியில் கழிவு குறைவு என்று படகுகள் அங்கே ஒதுங்கத் தொடங்கியதும், "தம்பி, இனி 30 ரூபாய் கழித்தால் போதும்" என்றார். நிரலைத் திறந்து 50ஐ 30 ஆக்கினேன். தராசடியில் பதியும் பகுதியில் ஒரு திருத்தம். கிண்ணியாப் பக்கத்திலிருந்து தொலைபேசியில் வரும் நிறையைப் பதியும் பகுதியில் ஒரு திருத்தம். மாதக் கடைசிக் கணக்கிலும் அதே வரி மூன்றாவது முறையாக இருந்தது எனக்கு மறந்துபோனது. துண்டில் ஒரு தொகை, மாதக் கணக்கில் அதைவிடக் குறைந்த தொகை. ஒரு சம்மாட்டி தன் துண்டுகளை எல்லாம் ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். வாடி வாசலில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக என் முன்னால் எடுத்து வைத்தார். அன்றைக்கு எனக்குப் பேச வாய் இருக்கவில்லை.

அந்தப் பிழையைத் திருத்தப் போய்த்தான் விதி இயந்திரம், ஆஸ்பெக்ட் சார்ந்த நிரலாக்கம் என்ற இரண்டு பழைய யோசனைகளைச் சேர்த்துப் பார்க்கக் கற்றேன். ஜாவா போன்ற ஒரு மொழியில் வகுப்பு என்றால் என்ன, செயல்கூறு என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை போதும். அதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

முதலாளியின் தலையில் இருந்தவை

கழிவு எவ்வளவு என்பது முதலாளியின் அறிவு. அதை எடுத்து நான் நிரலின் நடுவில் புதைத்துவிட்டேன். அவரிடம் இப்படி இன்னும் நிறைய இருந்தன. அறக்குளா 5 கிலோவுக்கு மேல் என்றால் ஒரு விலை, கீழே என்றால் வேறு விலை. வெள்ளிக்கிழமை ஊருக்குள் பாதி வீடுகளில் மீன் சமைக்க மாட்டார்கள், அதனால் சில்லறைக்குப் போகும் சாளைக்கு விலை இறங்கும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வெளிச்சம் வைத்துப் பிடிக்கும் படகுகள் வெறுங்கையோடு திரும்பும், அப்போது விலை ஏறும். முற்பணம் வாங்கியவரிடம் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பங்கு பிடிக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட நிரலாளனுக்குச் சொந்தமில்லை. எல்லாமே எந்தக் காலையிலும் மாறக்கூடியவை.

விதி இயந்திரம் இவற்றை நிரலிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கிறது. நம் ஊரில் விதி என்றால் தலையெழுத்து, மாற்ற முடியாதது. இங்கே அதற்கு நேர்மாறாக, அடிக்கடி மாற்றுவதற்காகவே விதி எழுதப்படுகிறது. ஒரு விதிக்கு இரண்டு பாகங்கள் உண்டு. ஏறக்குறைய இப்படி இருக்கும்:

விதி: ஐஸ் இல்லாத மீன்
எப்போது: ஒரு கொள்முதல் இருக்கிறது, அதில் ஐஸ் இல்லை
அப்போது: கிலோவுக்கு 30 ரூபாய் கழிவு சேர்

சாதாரண நிரலில் எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓட வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம். விதிகளுக்கு அப்படி வரிசை கிடையாது. இன்றைய கொள்முதல், அந்தச் சம்மாட்டியின் முற்பணக் கணக்கு, இன்று என்ன கிழமை என்ற தகவல்களை வேலை நினைவகம் என்ற ஓர் இடத்தில் போட வேண்டும். எந்தெந்த விதியின் 'எப்போது' அவற்றோடு பொருந்துகிறது என்று இயந்திரம் பார்க்கும். பொருந்தியவற்றை ஒரு பட்டியலில் சேர்க்கும். ஒன்றை எடுத்து அதன் 'அப்போது' பகுதியை ஓட்டும். பிறகு மறுபடியும் பார்க்கும். ஒரு விதி செய்த மாற்றம் இன்னொரு விதியை எழுப்பலாம். எதற்கு முன்னுரிமை என்று எண் கொடுத்தும் சொல்லலாம். ஆனால் எண்களைக் கண்டபடி அள்ளிப் போட்டால், வரிசையே இல்லாத இடத்துக்குப் பழைய வரிசையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தது போலாகும்.

தொடக்கக்காரர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 'எப்போது' பகுதி விலையைப் பார்க்கிறது, 'அப்போது' பகுதி அதே விலையைக் குறைக்கிறது என்று வையுங்கள். விலை மாறியதும் விதி மீண்டும் பொருந்தும், மீண்டும் குறைக்கும், மீண்டும் பொருந்தும். என் முதல் சோதனையில் ஒரு பாரை மீன் சுழியத்துக்கும் கீழே போய், சம்மாட்டி எங்களுக்குக் காசு தர வேண்டிய நிலைக்கு வந்தது. விலையைத் தொடாமல் கழிவு என்று தனியாக ஒரு பதிவைச் சேர்க்கச் சொன்னால் இந்தச் சுழல் வராது. மேலே உள்ள விதியில் 'கழிவு சேர்' என்று எழுதியதன் காரணம் அதுதான்.

விதிகள் நூறாகும்போது ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் எல்லாத் தகவல்களோடும் ஒப்பிடுவது தாங்காது. இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சார்ல்ஸ் ஃபோர்கி. 1979இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் 1982இல் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையிலும் அவர் விளக்கிய முறைக்கு ரீட்டே என்று பெயர். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு வலை என்று பொருள். கடற்கரையில் உட்கார்ந்து படித்த எனக்கு அதில் ஒரு சின்ன மகிழ்ச்சி. விதிகளின் நிபந்தனைகளை எல்லாம் ஒரே வலையாகப் பின்னி வைக்கிறார்கள். 'ஐஸ் இல்லை' என்ற நிபந்தனை பத்து விதிகளில் வந்தாலும் வலையில் அதற்கு ஒரு கண்தான். பாதிவரை பொருந்தியவை அந்தந்தக் கண்ணிலேயே தங்கியிருக்கும். புதிய தகவல் வந்தால் அது தொடும் கண்களில் மட்டும் அசைவு ஏற்படும். மற்றவை கிடந்தபடி கிடக்கும். நினைவகத்தைச் செலவழித்து நேரத்தை மிச்சம் பிடிக்கும் முறை இது.

நாசாவின் ஜோன்சன் விண்வெளி மையம் 1985இல் உருவாக்கிய கிளிப்ஸ் என்ற விதி இயந்திரம் இந்த வழியில் வந்ததுதான். ஜாவா உலகில் பெயர் பெற்ற ட்ரூல்ஸை பாப் மக்விர்ட்டர் 2001இல் தொடங்கினார். அதன் பிந்திய பதிப்புகள் ரீட்டேயிலிருந்து வளர்த்தெடுத்த ஃப்ரீக் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன.

வீடு மாறியும் தீராத தொல்லை

விதிகளை இயந்திரத்துக்கு மாற்றிய அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. 30 ரூபாய் இப்போது ஒரே இடத்தில். ஆனால் இயந்திரம் தானாக ஓடாது, யாராவது அதைக் கூப்பிட வேண்டும். தராசடிப் பதிவில் இயந்திரத்தைத் திற, கொள்முதலைப் போடு, முற்பணக் கணக்கைப் போடு, விதிகளை ஓட்டு, முடிவை எடுத்துத் துண்டில் சேர், இயந்திரத்தை மூடு என்று ஆறு வரிகள். தொலைபேசிப் பதிவில் அதே ஆறு வரிகள். பிறகு முதலாளி கேட்டு, பதிந்த நிறையைத் திருத்தும் பகுதி ஒன்று சேர்த்தேன். அங்கே இந்த ஆறு வரிகளையும் போட மறந்தேன். திருத்திய துண்டுகளுக்குக் கழிவே விழவில்லை.

முன்பு சிதறிக் கிடந்தது விதி. இப்போது சிதறிக் கிடப்பது விதியைக் கூப்பிடும் வேலை. விதி இயந்திரத்தைப் புகழும் பல அறிமுகங்கள் இந்த இடத்துக்கு வராமலே முடிந்துவிடுகின்றன என்பது என் குறை.

குறுக்கே ஓடும் வேலைகள்

மென்பொருளில் சில வேலைகள் ஒரு வகுப்புக்குள் அடங்காது. யார் எப்போது என்ன செய்தார் என்று குறித்து வைப்பது, அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பது, பாதியில் நின்றால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்புவது. இவை எல்லாப் பகுதிகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். விதியைக் கூப்பிடுவதும் இந்தச் சாதிதான். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் கிரெகர் கிக்சலேஸும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட கட்டுரை இத்தகைய வேலைகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. அந்த வீட்டுக்குப் பெயர் ஆஸ்பெக்ட். அதே குழு ஜாவாவுக்கு ஆஸ்பெக்ட்ஜே என்ற விரிவையும் செய்தது.

கலைச்சொற்கள் பயமுறுத்தும். வாடியில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு இல்லை. நிரல் ஓடும்போது நாம் தலையிடக்கூடிய புள்ளிகள் உண்டு. ஒரு செயல்கூறு அழைக்கப்படும் தருணம் அப்படி ஒன்று. அதற்குப் பெயர் ஜாயின்ட் பாயின்ட். அவற்றில் எவை எனக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் விவரணை பாயின்ட்கட்: 'கொள்முதலைப் பதியும் இடங்கள் எல்லாம்' என்பது போல. அந்த இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்ற நிரல்துண்டு அட்வைஸ். அது முன்னால் ஓடலாம், பின்னால் ஓடலாம், அல்லது சுற்றி நின்று உள்ளே விடுவதா வேண்டாமா என்று தானே தீர்மானிக்கலாம். இவற்றை மூல நிரலோடு சேர்க்கும் வேலைக்கு வீவிங், அதாவது நெசவு, என்று பெயர். ஒரு பக்கம் வலை, இன்னொரு பக்கம் நெசவு. இரண்டு யோசனைகளுக்கும் பெயர் வைத்தவர்களின் மனத்தில் நூல் இருந்திருக்கிறது.

நெசவு எப்போது நடக்கும் என்பதில் வேறுபாடு உண்டு. ஆஸ்பெக்ட்ஜே நிரல் மொழிபெயர்க்கப்படும்போதோ நினைவகத்தில் ஏற்றப்படும்போதோ நெய்யும். பலரும் பயன்படுத்தும் ஸ்பிரிங் சட்டகம் இயல்பாக வேறு வழியில் போகிறது: உங்கள் வகுப்புக்கு முன்னால் அதே உருவத்தில் ஒரு பதிலாளை நிறுத்தும். வெளியிலிருந்து வரும் அழைப்பை அவர் வாங்கி, ஆஸ்பெக்ட்டை ஓட்டிவிட்டு உள்ளே அனுப்புவார்.

இந்தப் பதிலாளின் பலவீனத்தைப் புரிந்துகொள்ளத் திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டைக்குப் போனால் போதும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் நிற்கும் காவலாளி வெளியிலிருந்து வருகிறவர்களைப் பார்ப்பார். உள்ளேயே மேய்ந்துகொண்டிருக்கும் மான்களை அவர் நிறுத்துவதில்லை. அவை வாசல் வழியாக வரவே இல்லை. ஸ்பிரிங்கில் ஒரு வகுப்பின் செயல்கூறு அதே வகுப்பின் இன்னொரு செயல்கூறை நேரே அழைத்தால், அந்த அழைப்பு மான். பதிலாளுக்கு அது தெரியாது, ஆஸ்பெக்ட் ஓடாது, பிழைச் செய்தியும் வராது. இதில் நான் ஒரு முழு இரவைத் தொலைத்தேன். அழைக்கப்படும் செயல்கூறை வேறு வகுப்புக்கு மாற்றுவது எளிய தீர்வு. ஆஸ்பெக்ட்ஜேயின் நெசவுக்கு மாறினால் மான்களும் அகப்படும்.

இரண்டையும் சேர்த்தால்

இனி சேர்ப்பது எளிது. 'எப்போது என்ன செய்ய வேண்டும்' என்பதை விதி சொல்கிறது. 'எந்த இடத்தில் விதியைக் கேட்க வேண்டும்' என்பதை ஆஸ்பெக்ட் சொல்கிறது. கொள்முதலைப் பதியும் நிரலுக்கு இந்த இரண்டில் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஆஸ்பெக்ட்: விலை விதிகள்
இடம்: 'விதி பார்க்க' என்ற குறி உள்ள எந்தச் செயல்கூறும்
சுற்றி நின்று:
கொள்முதலையும் சம்மாட்டியின் முற்பணக் கணக்கையும் எடு
விதி இயந்திரத்தைத் திறந்து, அதில் போட்டு ஓட்டு
கிடைத்த கழிவுகளைக் கொள்முதலில் சேர், இயந்திரத்தை மூடு
மூலச் செயல்கூறை நடக்க விடு

ஆறு வரிகளும் இங்கே ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. பொருள்நோக்கு நிரலையும் விதிகளையும் இணைக்கும் ஒட்டுவேலையே குறுக்கே ஓடும் வேலைதான் என்று முதலில் உணர்ந்தவன் நான் இல்லை. பிரசல்ஸில் மாயா டி'ஹோண்ட் 2004இல் கலப்பு ஆஸ்பெக்ட்கள் என்ற பெயரில் இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்.

'குறி' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முதலில் நான் பாயின்ட்கட்டைப் பெயரை வைத்து எழுதினேன்: 'பதி' என்று தொடங்கும் எல்லாச் செயல்கூறுகளும். ஒரு நாள் நிரலை அழகுபடுத்தும் ஆசையில் 'பதிகொள்முதல்' என்பதை 'சேர்கொள்முதல்' என்று மாற்றினேன். எல்லாம் ஓடியது. விதிகள் மட்டும் ஓடவில்லை. பெயரை நம்பிய பாயின்ட்கட் அந்தச் செயல்கூறைச் சத்தமில்லாமல் கைவிட்டது. ஜாவாவில் செயல்கூறின் தலையில் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டலாம். பாயின்ட்கட் அந்தச் சீட்டைத் தேடினால், பெயர் மாறினாலும் சீட்டு கூடவே போகும். சீட்டு கண்ணுக்குத் தெரிவதால், நாளை இந்த நிரலைத் திறக்கும் இன்னொருவருக்கும் இங்கே ஏதோ நடக்கிறது என்ற எச்சரிக்கை கிடைக்கும். ஆஸ்பெக்ட்டின் பெரிய குற்றமே அது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வதுதான். விதி இயந்திரத்துக்கும் அதே குற்றம் உண்டு. இரண்டு மாயாவிகளைச் சேர்த்து வைத்துவிட்டு, துண்டில் தொகை ஏன் குறைந்தது என்று தேடுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அதனால் எந்த விதி ஓடியது என்பதை ஆஸ்பெக்ட் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். பெரும்பாலான விதி இயந்திரங்கள் ஒரு விதி ஓடும்போது தகவல் தரும்; அதைப் பிடித்துக் கொள்முதலோடு சேமித்தால் போதும். நான் ஒரு படி மேலே போய் அதைத் துண்டிலேயே அச்சிட்டேன்: 'கழிவு 30, ஐஸ் இல்லை.' சம்மாட்டிமார் முன்பு என்னிடம் கேட்ட கேள்விகளில் பெரும்பகுதி அதோடு நின்றது.

இயந்திரம் உடைந்தால் என்ன செய்வது என்பதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. விதிக் கோப்பில் ஓர் எழுத்துப் பிழை, ஆஸ்பெக்ட் தடுக்கி விழுகிறது. அப்போது கொள்முதலை மறுக்கலாம், அல்லது விதி இல்லாமல் பதியலாம். வங்கிக் கடன் என்றால் மறுப்பதே சரி, ஒரு நாள் தாமதத்தால் கடன் கெட்டுவிடாது. மீன் கெட்டுவிடும். விடியற்காலை தராசடியில் வரிசையாகப் பெட்டிகள் நிற்க, கணினி 'பிறகு வாருங்கள்' என்று சொல்ல முடியாது. ஆகவே என் ஆஸ்பெக்ட் பிழையை விழுங்கி, நிறையை மட்டும் பதிந்து, 'விலை பார்க்கப்படவில்லை' என்று ஒரு சிவப்புக் குறியை வைக்கிறது. இந்த முடிவை நான் எடுக்கவில்லை; முதலாளியிடம் கேட்டேன், அவர் ஒரு நொடியில் சொன்னார்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். விதிக் கோப்பைப் படித்து வலை பின்னுவது செலவான வேலை. அதை மென்பொருள் தொடங்கும்போது ஒருமுறை செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கொள்முதலுக்கும் அந்த வலையிலிருந்து சிறிய அமர்வு ஒன்றைத் திறந்து, முடிந்ததும் மூடலாம், அது மலிவு. மூட மறந்தால் பழைய கொள்முதல்கள் நினைவகத்தில் தேங்கி நிற்கும், நாள்போக்கில் கணினி மூச்சுத் திணறும். நல்ல வேளையாக, மூடும் வரி இப்போது ஆஸ்பெக்ட்டில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது.

சோதிக்கும்போது இரண்டையும் பிரித்தே சோதியுங்கள். விதிகளை ஆஸ்பெக்ட் இல்லாமல், கையால் தகவல் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். ஆஸ்பெக்ட்டை ஒரு போலி இயந்திரத்தோடு ஓட்டி, குறி உள்ள ஒவ்வொரு செயல்கூறிலும் அது உண்மையில் கூப்பிடப்படுகிறதா என்று மட்டும் பார்க்கலாம். இந்த இரண்டாவது சோதனை இருந்திருந்தால் மானும் அகப்பட்டிருக்கும், 'சேர்கொள்முதல்' கூத்தும் நடந்திருக்காது.

எப்போது வேண்டாம்

விதிகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குமானால், ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறுமானால், ஒரு செயல்கூறுக்குள் நான்கு 'எனில்' வரிகள் எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். விதிகள் நிறைய இருந்து, கேட்கும் இடம் ஒன்றே ஒன்று என்றால் விதி இயந்திரம் மட்டும் போதும், ஆஸ்பெக்ட் வீண். விதிகளும் பெருகி, கேட்கும் இடங்களும் பெருகும்போதுதான் இந்தச் சேர்க்கை தன் கூலிக்கு வேலை செய்கிறது. விதியை முதலாளியே நேரில் எழுதுவார் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. எங்கள் முதலாளி விதியைப் படிக்கிறார், தவறு கண்டுபிடிக்கிறார், எழுதுவதில்லை. அதுவே எனக்குப் பெரிய உதவி.

குறியை எங்கே ஒட்டக் கூடாது என்பதைக் கடைசியாகத்தான் கற்றேன். தராசடிப் பதிவு, தொலைபேசிப் பதிவு, நிறைத் திருத்தம் மூன்றிலும் ஒட்டிவிட்டு, பழைய வேகத்தில் மாதக் கடைசிக் கணக்கிலும் ஒட்டப் போனேன். ஒட்டியிருந்தால் மாதம் 5ஆம் திகதி வாங்கிய மீனுக்கு 31ஆம் திகதியின் விதி ஓடியிருக்கும். இடையில் முதலாளி கழிவை மாற்றியிருந்தால், துண்டும் கணக்கும் மறுபடியும் முட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை நான் மறந்த மூன்றாவது வரியில் 50ஐ 30 ஆக்கியிருந்தாலும் பிழை தீர்ந்திருக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வரி அங்கே இருந்ததே பிழை. இப்போது மாதக் கடைசிக் கணக்குக்கு விதி எதுவும் தெரியாது. அன்றன்று துண்டில் என்ன எழுதப்பட்டதோ, அதை எடுத்துக் கூட்டுகிறது.